டான் ஆஃப் த டெட்: 1978 ஒரிஜினலும் 2004 ரீமேக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாம்பி படம் பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை கட்டாயம் வரும்: ஜார்ஜ் ரொமேரோ எடுத்த பழைய படமா, ஸாக் ஸ்னைடர் எடுத்த புதுசா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு, தெரிந்த வரைக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இரண்டு படத்தின் கதையும் முடிவும் முழுசாக வந்துவிடும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில், இரண்டு படத்தையும் பற்றி சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரிஜினல் 1978 செப்டம்பரில் முதலில் இத்தாலியில் வெளியானது. அமெரிக்காவுக்கு வந்தது 1979இல்தான். எழுதி இயக்கியவர் ஜார்ஜ் ஏ. ரொமேரோ. 1968இல் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்து, நாம் இன்று ஜாம்பி என்று சொன்னதும் நினைக்கிற அந்த உருவத்தையே உண்டாக்கியவர். இத்தாலிய இயக்குநர் டாரியோ ஆர்ஜென்டோ பணம் திரட்ட உதவினார், கூடவே காப்ளின் என்ற இசைக்குழுவையும் கொண்டுவந்தார்.

ரீமேக் வந்தது 2004 மார்ச் 19. ஸ்னைடருக்கு அதுதான் முதல் படம், அதுவரைக்கும் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். திரைக்கதை ஜேம்ஸ் கன். ஆமாம், பின்னாளில் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' எடுத்த அதே கன்தான்.

கதை ஒன்றேதானா?

ஒரு வரியில் சொன்னால் ஒன்றுதான். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள், சில பேர் ஒரு மாலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரியைத் தாண்டினால் ஒட்டுவதற்கு அதிகம் கிடையாது. பாத்திரங்கள் வேறு, ஊர் வேறு, உள்ளே போகிற காரணம் வேறு, வெளியே வருகிற காரணமும் வேறு.

ஒரிஜினலில் மொத்தமே நாலு பேர். போலீஸ் அதிரடிப் படையிலிருந்து தப்பித்து வரும் பீட்டரும் ரோஜரும், டிவி நிலையத்தில் வேலை பார்க்கும் ஃபிரான், அந்த நிலையத்தின் ஹெலிகாப்டரை ஓட்டும் அவள் காதலன் ஸ்டீஃபன். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பறந்து வரும்போது கீழே ஒரு மால் தெரிகிறது, மொட்டை மாடியில் இறங்குகிறார்கள். சாமான் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். அப்புறம் கிளம்ப மனசு வருவதில்லை.

ரீமேக்கில் நர்ஸ் அனா, போலீஸ்காரர் கென்னத், டிவி விற்கும் மைக்கேல், ஆண்ட்ரே, கர்ப்பிணியான அவன் மனைவி லூடா. இவர்கள் மாலுக்குள் ஓடி வருகிறார்கள். உள்ளே ஏற்கனவே மூன்று காவலாளிகள். பிறகு ஒரு லாரி நிறைய ஆட்கள் வருகிறார்கள். எதிரே துப்பாக்கிக் கடை மாடியில் தனியாக மாட்டிக்கொண்ட ஆண்டி. பதினைந்து பேருக்கு மேல் ஆகிவிடுகிறது, கூட ஒரு நாயும். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேரின் பெயர் படம் முடிந்த பிறகு நினைவில் நிற்காது. அவர்கள் சாகும்போது நமக்கு வலிக்காததற்கு அதுவே காரணம்.

ரீமேக்கின் முதல் பத்து நிமிடத்தைப் பற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பேச வேண்டியதுதான். ஜாம்பி படங்களில் இதைவிடச் சிறந்த தொடக்கத்தை நான் பார்த்ததில்லை, ரொமேரோவின் பக்தனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

அனா ஆஸ்பத்திரியில் நீண்ட ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வருகிறாள். வழியில் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் நின்று நாலு வார்த்தை பேசுகிறாள். காரில் ரேடியோவில் ஏதோ செய்தி, சேனலை மாற்றிவிடுகிறாள். வீட்டில் டிவியில் அவசரச் செய்தி ஓடும்போது அவளும் கணவனும் குளியலறையில் இருக்கிறார்கள். விடிகாலையில் அந்தச் சிறுமி படுக்கையறை வாசலில் நிற்கிறாள், பதறிப்போய் எழுந்து போகும் கணவனின் கழுத்தைக் கடிக்கிறாள். அவன் ரத்தம் வழிந்து செத்துப்போகிறான், அடுத்த நிமிடம் எழுந்து மனைவியையே துரத்துகிறான். அவள் குளியலறை ஜன்னல் வழியாக விழுந்து எழுந்து வெளியே வந்தால், நேற்று மாலை அமைதியாக இருந்த அந்தத் தெரு ஒரே இரவில் போர்க்களமாகிக் கிடக்கிறது. ஸ்னைடர் இங்கே ஒரு நல்ல காரியம் செய்தார். எதையும் விளக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும்.

அதற்குப் பின்னால் வரும் டைட்டில் காட்சியை வடிவமைத்தவர் கைல் கூப்பர். ஜானி காஷ் கரகரத்த குரலில் பாட, கலவரக் காட்சிகளும் செய்தித் துண்டுகளும் வெட்டி வெட்டி வருகின்றன. உலகம் முடிந்த கதையை அதிலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஒரிஜினலின் தொடக்கம் இத்தனை கச்சிதமானது அல்ல. டிவி நிலையத்துக்குள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் கத்துகிறார்கள், மூடிப்போன முகாம்களின் பெயர்களைத் திரையில் ஓட்டலாமா வேண்டாமா என்று சண்டை, வந்த விருந்தினர் சொல்வதைக் கேட்கவே ஆளில்லை. பிறகு போலீஸ் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைகிறது. அங்கே இருப்பவர்கள் ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும். செத்தவர்களை ஒப்படைக்க மாட்டோம் என்கிறார்கள், இனவெறி பிடித்த ஒரு போலீஸ்காரன் கதவை உடைத்து ஆளைப் பார்த்ததும் சுடுகிறான். ஜாம்பியால் சாகிறவர்களுக்கு முன்னால் மனிதனால் சாகிறவர்களைக் காட்டிவிடுகிறார் ரொமேரோ. ரீமேக்கில் சமூகம் ஒரே ராத்திரியில் உடைந்துபோகிறது. இங்கே அது முன்பே விரிசல் விட்டிருந்தது, செத்தவர்கள் வந்து லேசாகத் தள்ளினார்கள், அவ்வளவுதான்.

ஓடும் ஜாம்பி நல்லதா, நடக்கும் ஜாம்பி நல்லதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் ஒரு திருத்தம்: ஓடும் ஜாம்பியை ஸ்னைடர் கண்டுபிடிக்கவில்லை. 1985இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த லிவிங் டெட்' படத்திலேயே அவை ஓடின. 2002இல் டேனி பாயலின் '28 டேஸ் லேட்டர்' வேகத்தைப் பிரபலமாக்கியது, ஆனால் அதில் வருபவர்கள் செத்தவர்கள் அல்ல, நோய் பிடித்தவர்கள்.

வேகம் பயத்தைக் கூட்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ரீமேக்கில் கதவைச் சாத்த ஒரு நொடி தாமதித்தால் கதை முடிந்தது. நாற்காலி நுனியில் உட்கார வைக்கும். ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு, அந்த முகங்களை நம்மால் பார்க்க முடிவதில்லை. பாய்ந்து வருகிற ஒன்றை யார் என்று அடையாளம் காண முடியுமா? சுடுவதற்கோ தப்பிப்பதற்கோதான் நேரம் இருக்கும்.

ரொமேரோவின் ஜாம்பிகள் மெதுவாக வருவதால் அவர்கள் யாராக இருந்தார்கள் என்று தெரிகிறது. கன்னியாஸ்திரி உடையில் ஒருத்தி, நர்ஸ் உடையில் ஒருத்தி, மொட்டையடித்துக் காவி உடுத்திய ஹரே கிருஷ்ணா பக்தர் ஒருவர். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த அந்த ஒரு காட்சி. ஃபிரான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கம் பந்து விளையாடும் சீருடை போட்ட ஒரு ஜாம்பி அவளைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தரையில் உட்காருகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒன்றுமே நடக்காது. அந்த இளைஞனுக்கு ஒரு வீடும் ஒரு சனிக்கிழமை ஆட்டமும் இருந்திருக்கும் என்ற எண்ணம் நமக்குத் தானாக வரும். ரீமேக்கில் இப்படி ஒரு காட்சி வைக்கவே முடியாது, அந்த ஜாம்பி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மெதுவான ஜாம்பியிடம் சாக வேண்டுமென்றால் மனிதன் தப்பு செய்ய வேண்டும். ரோஜர் கடிபடுவது ஜாம்பியின் திறமையால் அல்ல. வாசல்களை லாரிகளால் அடைக்கிற வேலை நடக்கும்போது அவனுக்கு அது விளையாட்டாகிவிடுகிறது, சிரிக்கிறான், கத்துகிறான், பையை மறந்து திரும்பப் போகிறான். பீட்டர் எச்சரித்தும் கேட்பதில்லை.

கடித்தால்தான் மாறுவார்களா? இரண்டு படத்திலும் விதி ஒன்றா?

இல்லை, பலர் கவனிக்காமல் விடும் வித்தியாசம் இது. ஒரிஜினலில் யார் எப்படிச் செத்தாலும் மூளை சிதையாத வரை எழுந்து வருவார்கள். கடி என்பது சீக்கிரம் சாவதற்கு ஒரு வழி மட்டுமே. ரீமேக்கில் கடிபட்டவர்கள் மட்டும்தான் மாறுகிறார்கள், அதை அனா நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கிறாள்.

சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் விளைவு பெரிது. ரீமேக்கில் இது ஒரு தொற்றுநோய், தள்ளி இருந்தால் தப்பிக்கலாம். ஒரிஜினலில் தள்ளி இருக்கவே முடியாது, ஏனென்றால் மரணம் நமக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் தூங்குகிற மனைவி மாரடைப்பில் போனாலும் எழுந்து வருவாள். நரகத்தில் இடமில்லாமல் போனால் செத்தவர்கள் பூமியில் நடப்பார்கள் என்று தாத்தா சொல்வார் என்று பீட்டர் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வசனம் இந்த விதியோடுதான் பொருந்துகிறது.

மால் இரண்டிலும் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை?

எனக்கு உள்ள ஒரே பெரிய குறை இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரிஜினல் எடுக்கப்பட்டது பிட்ஸ்பர்க் அருகில் உள்ள மன்ரோவில் மாலில். உண்மையில் இயங்கிக்கொண்டிருந்த மால். கடைகள் மூடிய பிறகு ராத்திரி முழுக்கப் படம்பிடித்து, காலையில் கடை திறப்பதற்குள் ரத்தத்தையெல்லாம் துடைத்துவிட்டுக் கிளம்புவார்கள். 1977 கிறிஸ்துமஸ் வந்தபோது அலங்காரத்தைத் தினமும் கழற்றி மாட்ட முடியாது என்பதால் சில வாரங்கள் படப்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. துப்பாக்கிக் கடை மட்டும் அந்த மாலில் இல்லை, வேறிடத்தில் எடுத்துச் சேர்த்தார்கள். ரீமேக்குக்கு கனடாவில் டொரொன்டோ அருகே தார்ன்ஹில்லில், இடிக்கப்போகிற ஒரு மாலைப் பிடித்துத் தங்களுக்கு வேண்டியபடி கடைகளை அமைத்துக்கொண்டார்கள். வசதியாக வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் மன்ரோவிலில் தெரியும் அந்தப் புழக்கம், நேற்று மாலை வரை மனிதர்கள் வந்துபோன தடம், புதிதில் தெரிவதில்லை.

இடம் இருக்கட்டும், அந்த இடத்தில் என்ன நடக்கிறது? ஒரிஜினலின் நடுப்பகுதியில் அந்த நாலு பேரும் ஜெயித்துவிடுகிறார்கள். வாசலை அடைத்து, கதவுகளைப் பூட்டி, உள்ளே இருந்த அத்தனை ஜாம்பிகளையும் கொன்று, மால் முழுக்கத் தங்களுடையது என்று ஆக்கிக்கொள்கிறார்கள். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அது முடிவு. ரொமேரோவுக்கு அதுதான் ஆரம்பம். பீட்டரும் ஸ்டீஃபனும் மாலில் உள்ள வங்கிக்குப் போய் நோட்டுக்கட்டுகளை எடுத்துக்கொண்டு கண்காணிப்புக் கேமராவுக்குப் போஸ் கொடுக்கிறார்கள், செலவழிக்க ஒரு கடைகூட இல்லாத உலகத்தில். ஃபிரான் கண்ணாடி முன் உட்கார்ந்து கடை பொம்மை மாதிரி மேக்கப் போட்டுக்கொள்கிறாள், கையில் துப்பாக்கி. நல்ல துணி, நல்ல சாப்பாடு, டிவி எல்லாம் இருக்கிறது, பேச ஒன்றுமில்லை. அவள் வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது, மாதங்கள் ஓடுவது அதில்தான் தெரியும்.

ஸ்டீஃபன் ஒரு நாள் மோதிரம் கொண்டுவந்து கொடுக்கிறான். கடையில் சும்மா எடுத்த மோதிரம். அவள் வேண்டாம் என்கிறாள், இப்போது செய்தால் அது நிஜமாக இருக்காது என்கிறாள். அடுத்து ரொமேரோ அவர்கள் இருவரும் படுக்கையில் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதைக் காட்டுகிறார். எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குமே மதிப்பில்லாமல் போய்விடுகிறது என்பதை ஒரு வரி வசனமில்லாமல் அந்தப் படுக்கையில் காட்டிவிட்டார். மால் என்ற இடம் இல்லாமல் இந்தக் காட்சி இல்லை.

ரீமேக்கில் மால் என்பது பெரிய சுவர் உள்ள ஒரு கட்டடம். ஜாலியாக நாள் கழிப்பதை ரிச்சர்ட் சீஸ் பாடும் ஒரு பாட்டுக்குள் அடக்கிவிடுகிறார்கள். சிரிப்பு வரும், நன்றாகவும் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் தாண்டிப் போய்விடும். அந்த மாலுக்குப் பதிலாக ஒரு பள்ளிக்கூடத்தையோ கோட்டையையோ வைத்தாலும் கதை அப்படியே ஓடும். ஒரிஜினலை அப்படி இடம் மாற்ற முடியாது.

ரீமேக்கில் அந்த மாதிரி விமர்சனம் சுத்தமாக இல்லை என்கிறீர்களா?

சுத்தமாக இல்லை என்று சொன்னால் அநியாயம். சாப்பாடு தீர்ந்துபோனதால் அவர்கள் வெளியே போக முடிவு செய்வதில்லை. இங்கேயே இருந்து சாக வேண்டாம் என்றுதான் கிளம்புகிறார்கள். பஸ்களுக்கு இரும்புத் தகடு அடித்து, படகுத்துறை வரை போவது என்று திட்டம் போடுகிறார்கள். அந்த மனநிலை நேர்மையானது.

இன்னொரு காட்சியும் குறிப்பிட வேண்டும். மாடியில் உட்கார்ந்து, கூட்டத்தில் எந்த ஜாம்பி எந்தப் பிரபலத்தைப் போல இருக்கிறது என்று அட்டையில் பெயர் எழுதிக் காட்டுவார்கள், எதிர்மாடியிலிருந்து ஆண்டி அதைத் தேடிச் சுடுவான். செத்தவர்களைப் பார்த்து உயிரோடிருப்பவர்கள் எப்படி மரத்துப்போகிறார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. படம் அதைக் கொண்டாடுகிறதா கண்டிக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெளிவாக இல்லை. அதே ஆண்டியும் கென்னத்தும் தூரத்திலிருந்தே அட்டையில் எழுதிக் காட்டிச் செஸ் ஆடுவது ரீமேக்கிலேயே எனக்குப் பிடித்த விஷயம். குரல்கூடக் கேட்காத ஒரு நட்பு அது. ஒரிஜினலில் அதற்கு இணையானது எதுவும் இல்லை.

ஃபிரானா, அனாவா?

அனாவாக நடித்த சாரா பாலி பிரமாதமான நடிகை. கணவனை இழந்த அன்று அழுவதற்குக்கூட நேரமில்லாத ஒரு பெண்ணை மிகையில்லாமல் செய்திருக்கிறார். நடிப்பை மட்டும் எடை போட்டால் ரீமேக்கில் ஒட்டுமொத்தமாகவே தரம் அதிகம். கென்னத்தாக விங் ரேம்ஸ், முதலில் எரிச்சல் மூட்டி கடைசியில் மனசைத் தொடும் காவலாளி சி.ஜே.யாக மைக்கேல் கெல்லி, எல்லோருமே தேர்ந்தவர்கள்.

ஆனால் பாத்திரமாகப் பார்த்தால் ஃபிரான் ஒரு படி மேல். அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும், கருவைக் கலைக்கலாமா என்று அவளைக் கேட்காமலே ஆண்கள் பேசுகிறார்கள், அவள் அடுத்த அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த நாள் அவள் நிபந்தனை போடுகிறாள்: எனக்கும் துப்பாக்கி வேண்டும், எல்லா முடிவிலும் என்னையும் சேர்க்க வேண்டும், ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத்தர வேண்டும். கடைசியில் அந்த ஹெலிகாப்டரை ஓட்டுவது அவள்தான். 1978இல் வந்த திகில் படம் இது.

ரீமேக்கில் கர்ப்பிணி லூடா. கடிபட்டு, கட்டிலில் கட்டப்பட்டு, இறந்தபின் பிரசவித்து, பிறந்த குழந்தையும் ஜாம்பி. அருவருப்பும் அதிர்ச்சியும் உண்டு. ஆனால் அவளுக்கென்று ஒரு விருப்பமோ ஒரு முடிவோ படத்தில் எங்கேயும் இல்லை. குழந்தை வரப்போகிறது என்ற ஒரே விஷயத்தை இரண்டு படமும் எப்படிக் கையாள்கின்றன என்பதை மட்டும் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

ரீமேக் ஒரிஜினலை மிஞ்சும் இடம் ஏதாவது உண்டா?

தொடக்கத்தைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று ஃபிராங்க். கடிபட்ட தகப்பன், மகள் நிக்கோலிடம் விடைபெற்றுக்கொண்டு, தனி அறையில் சாவுக்காகக் காத்திருக்கிறார். எதிரே கென்னத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். கிடைக்கிற ஒவ்வொரு நொடியும் வேண்டும் என்கிறார் ஃபிராங்க். இது ஒரிஜினலில் ரோஜர் சாகும் காட்சியின் நேரடி வாரிசு. அங்கே ரோஜர், திரும்பி வராமல் இருக்க முயற்சி பண்ணுகிறேன் என்று பீட்டரிடம் சொல்வான். பீட்டர் காத்திருப்பான். போர்வை மெல்ல விலகும்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ரோஜர் காட்சிதான் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது, அவனோடு நாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டோம். ஃபிராங்க்கை நமக்குப் பத்து நிமிடம்தான் தெரியும், இருந்தும் அவராக நடித்த மாட் ஃப்ரூவர் அந்தச் சில நிமிடத்தில் கலங்க வைக்கிறார். அது பெரிய விஷயம்.

மேக்கப்? பழைய படத்தில் ஜாம்பிகள் நீலமாகத் தெரிகிறார்களே!

சாம்பல் நிறம் பூசினார்கள், விளக்கு வெளிச்சத்தில் அது நீலமாக விழுந்துவிட்டது. ரத்தம் வேறு பளீரென்று பெயின்ட் மாதிரி இருக்கும். மேக்கப் செய்தவர் டாம் சவினி. வியட்நாம் போரில் ராணுவத்துக்காகப் புகைப்படம் எடுத்தவர், நிஜமான காயங்களைக் கண்ணால் பார்த்தவர். ரத்தத்தின் நிறம் சவினிக்கே பிடிக்கவில்லை, ஆனால் காமிக்ஸ் புத்தகச் சாயல் வேண்டும் என்று நினைத்த ரொமேரோவுக்கு அது சரியாகப் பொருந்தியது. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது இடிக்கும், தெரியும். அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

ரீமேக்கில் டேவிட் லீராய் ஆண்டர்சன் குழுவின் வேலை உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. நாள் போகப்போக ஜாம்பிகள் அழுகிக்கொண்டே வருவதைக்கூடக் கவனமாகச் செய்திருக்கிறார்கள். இந்தப் பிரிவில் ரீமேக்குக்கே என் ஓட்டு.

செலவு எவ்வளவு?

ஒரிஜினல் ஏழு இலட்சம் டாலருக்கும் குறைவாக எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ரீமேக் சுமார் 2 கோடியே 60 இலட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

பழைய நடிகர்கள் ரீமேக்கில் வருகிறார்களா?

வருகிறார்கள், டிவித் திரைக்குள். பீட்டராக நடித்த கென் ஃபோரி மத போதகராக வந்து நரகத்தில் இடமில்லாத அந்த வசனத்தைச் சொல்வார். ரோஜராக நடித்த ஸ்காட் ரைனிகர் ராணுவத் தளபதி, டாம் சவினி ஷெரிஃப். மாலில் ஒரு கடைக்கு கேலன் ராஸ் என்று பெயர், அது ஃபிரானாக நடித்தவரின் பெயர். மரியாதை செய்யும் முறையாக எனக்குப் பிடித்திருந்தது.

மோட்டார் சைக்கிள் கும்பல் ரீமேக்கில் ஏன் இல்லை?

ஓடும் ஜாம்பி இருக்கும்போது இன்னொரு வில்லன் தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கும்பல் போனதோடு ஒரிஜினலின் உயிர்நாடியும் போய்விட்டது.

கொள்ளையர்கள் உள்ளே வருகிறார்கள், ஜாம்பிகள் முகத்தில் கேக்கை அடித்து விளையாடுகிறார்கள், ஒருவன் நடுக் கலவரத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினில் கையை விட்டுக்கொண்டு உட்காருகிறான், ஜாம்பிகள் அவனை இழுத்துப்போன பிறகு கை மட்டும் மெஷினில் மிச்சம். இதெல்லாம் நடக்கும்போது மறைந்திருந்தாலே போதும், அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது பீட்டரின் கணக்கு. ஸ்டீஃபனால் முடியவில்லை. இது எங்களுடையது, நாங்கள் பிடித்தது என்று முணுமுணுத்துக்கொண்டே சுடுகிறான். அந்த ஒரு குண்டில் எல்லாம் போகிறது. அவன் லிஃப்டில் கடிபட்டு ஜாம்பியாகி, தாங்கள் ஒளிந்திருந்த இடத்தின் பொய்ச் சுவரை நினைவு வைத்துக்கொண்டு மற்ற ஜாம்பிகளை அங்கேயே கூட்டிக்கொண்டு வருகிறான். தனக்குச் சொந்தமே இல்லாத ஒன்றை என்னுடையது என்று நினைத்தவன், செத்த பிறகும் அதற்கே திரும்பி வருகிறான். சத்தியமாக, எத்தனை தடவை பார்த்தாலும் லிஃப்ட் கதவு திறந்து அவன் தலை சாய்த்துக்கொண்டு வெளியே வரும்போது எனக்கு வயிறு பிசைகிறது.

ஒரிஜினலில் எந்த வடிவத்தைப் பார்ப்பது?

மூன்று உண்டு. அமெரிக்காவில் தியேட்டரில் வந்த 127 நிமிட வடிவம், கான் திரைப்பட விழாவுக்காக அவசரமாகச் சேர்த்த 139 நிமிட வடிவம், ஆர்ஜென்டோ ஐரோப்பாவுக்காக வெட்டிய சுமார் 119 நிமிட வடிவம். ஆர்ஜென்டோவினுடையது வேகமானது, காப்ளின் இசை நிறைய, சிரிப்பு குறைவு. முதல் தடவை என்றால் 127 நிமிடம்தான், ரொமேரோ தனக்குப் பிடித்தது அதுவே என்றார். ரீமேக்கிலும் தணிக்கை இல்லாத நீண்ட பதிப்பு ஒன்று இருக்கிறது, கிடைத்தால் அதைப் பாருங்கள், பாத்திரங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு இருக்கிறது.

எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஜாம்பி படமே புதுசு என்றால் ரீமேக். பிடித்துப்போனால் ஒரு வாரம் விட்டு ஒரிஜினல். ஒரே ராத்திரியில் இரண்டையும் பார்க்காதீர்கள், ரீமேக்கின் வேகத்துக்குப் பிறகு ஒரிஜினல் மந்தமாகத் தெரியும், பாவம் அது அப்படி இல்லை.

முடிவுகள் பற்றி? எது இருண்டது?

ஒரிஜினலில் பீட்டர் தன்னைத்தானே சுட்டுக்கொள்வதாகவும் ஃபிரான் சுழலும் ஹெலிகாப்டர் விசிறியில் தலையைக் கொடுப்பதாகவும்தான் முதலில் எழுதியிருந்தார் ரொமேரோ. பிறகு மாற்றினார். இப்போது படத்தில் பீட்டர் துப்பாக்கியை நெற்றியில் வைத்தவன், கடைசி நொடியில் வேண்டாம் என்று ஜாம்பிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறான், அதிகமில்லை என்கிறாள் ஃபிரான். சரி என்கிறான். விடியலில் பறந்து போகிறார்கள்.

ரீமேக்கில் அனா, கென்னத், நிக்கோல், காவலாளி டெர்ரி நாலு பேரும் நாயோடு படகேறுகிறார்கள், கடிபட்ட மைக்கேல் கரையிலேயே நின்றுவிடுகிறான், துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அத்தோடு முடிந்தது என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். உட்காருங்கள். பெயர்கள் ஓடும்போது படகில் கிடைத்த வீடியோ கேமராவில் பதிவானவை துண்டு துண்டாக வரும்: தண்ணீர் தீர்கிறது, எஞ்சின் புகைகிறது, ஒரு தீவு தெரிகிறது, இறங்குகிறார்கள், மரங்களுக்கிடையிலிருந்து அவை ஓடி வருகின்றன, கேமரா கீழே விழுகிறது.

ஒரிஜினலிலும் பெயர்கள் வரும்போது நிறுத்திவிடாதீர்கள். மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன அந்த மாலில் ஜாம்பிகள் அங்குமிங்கும் உலாத்திக்கொண்டிருப்பார்கள், பின்னால் ஒரு குதூகலமான இசை ஓடிக்கொண்டிருக்கும்.